மூளையைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள்: வாசகர் கேள்விகளும் நரம்பியல் மருத்துவரின் பதில்களும்

சென்ற இதழில் மூளைக்காய்ச்சலைப் பற்றி எழுதியபோது, கிருமி எதுவும் இல்லாமலேயே மூளையில் அழற்சி ஏற்படுவது உண்டு என்றும், நம்மைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றலே அப்போது மூளையையோ தண்டுவடத்தையோ பகையென்று எண்ணித் தாக்குகிறது என்றும் ஒரு பத்தியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு பத்தியை ஒட்டியே இம்மாதம் பெரும்பாலான கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

எங்கள் மகளுக்கு வயது 19. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஐந்து மாதங்களுக்கு முன் இரண்டு நாள் தலைவலியும் லேசான காய்ச்சலும் இருந்தன. அடுத்த வாரம் தூக்கமே இல்லை. யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொன்னாள். பெற்ற அப்பாவையே அந்நியரைப் போலப் பார்த்தாள். ஊரார் சொன்னபடி கோயிலுக்கு அழைத்துப்போய் மந்திரித்தோம். பிறகு மனநல மருத்துவரிடம் காட்டினோம். மருந்து கொடுத்த மூன்றாம் நாள் உடம்பு விறைத்து வலிப்பு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மாதம் இருந்தாள். 'என்.எம்.டி.ஏ. ஆன்டிபாடி' என்று ரிப்போர்ட் வந்தது. இப்போது வீட்டில் நடக்கிறாள், சாப்பிடுகிறாள்; ஆனால் சின்னக் குழந்தை போல அடம்பிடிக்கிறாள், பகலெல்லாம் தூங்குகிறாள். இது பைத்தியமா? படிப்பைத் தொடர முடியுமா? கல்யாணம் செய்துவைக்கலாமா? நாங்கள் தாமதித்ததால்தான் இவ்வளவும் ஆயிற்றா?
- ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற மூன்றையும் விட அதுதான் உங்களை இரவில் தூங்கவிடாமல் செய்கிறது என்று கடிதத்திலிருந்தே தெரிகிறது. சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்பது உண்மை. ஆனால் என்.எம்.டி.ஏ. எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மூளை அழற்சி என்னும் இந்த நோய்க்கு ஒரு பெயரே 2007-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய ஜோசப் டால்மாவ் என்னும் நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும், டெரடோமா என்னும் கட்டி இருந்த 12 பெண்களிடம் இதே நிலையைக் கண்டு, அவர்களுடைய ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் இருந்த எதிர்ப்பொருள் எதைத் தாக்குகிறது என்பதை அந்த ஆண்டில் வெளியிட்டார்கள். அதற்கு முன் இப்படிப்பட்ட பெண்கள் உலகெங்கும் மனநல விடுதிகளிலும், காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல் என்ற குறிப்போடு தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் கிடந்தார்கள். மருத்துவர்களுக்கே அண்மையில் தெரியவந்த ஒன்றைப் பெற்றோர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. நீங்கள் அவளை விட்டுவிடவில்லை. ஒரு வழி அடைபட்டபோது அடுத்த கதவைத் தட்டியிருக்கிறீர்கள்.

இது பைத்தியமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூளையில் ஒரு நரம்பணு மற்றோர் அணுவோடு பேசும் இடங்களில் என்.எம்.டி.ஏ. ஏற்பி என்னும் சிறு வாயில்கள் உள்ளன. நினைவு, கற்றல், மெய்யையும் கற்பனையையும் பிரித்தறிதல் ஆகியவை பெருமளவு இந்த வாயில்களை நம்பியே நடக்கின்றன. உங்கள் மகளின் உடலில் உண்டான எதிர்ப்பொருள் இந்த வாயில்களைப் பற்றிக்கொண்டு, இரண்டிரண்டாகப் பிணைத்து, அணுவுக்குள்ளே இழுபடச் செய்துவிடுகிறது. வாயில் மறைந்துபோகிறதே தவிர அணு சாவதில்லை. மயக்க மருந்தாகப் பயன்படும் கெட்டமைன் இதே வாயிலைச் சற்று நேரம் அடைக்கக்கூடியது; அதைப் பெற்ற சிலர் விழிக்கும்போது இல்லாததைக் காண்பதும், உளறுவதும் மயக்க மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்தவை. உங்கள் மகளுக்கு அதே நிலை வாரக்கணக்கில் நீடித்திருக்கிறது. எனவே, மனத்தில் தெரிந்த நோய் இது. அதன் வேர் நோயெதிர்ப்பு மண்டலத்தில் இருந்தது. எதிர்ப்பொருள் குறையும்போது வாயில்கள் மீண்டும் அணுவின் மேற்பரப்புக்கு வருகின்றன. இவ்வளவு கடுமையாகத் தாக்கும் ஒரு மூளை நோயிலிருந்து இவ்வளவு பேர் மீண்டு வருவதற்கு அதுவே காரணம்.

மனநல மருந்து கொடுத்த பின் உடல் விறைத்ததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த மருத்துவர் மேல் வருத்தம் வேண்டாம். ஆனால் மற்ற வாசகர்களும், இதைப் படிக்கும் இளம் மருத்துவர்களும் இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். முன்பு மனநலக் குறை ஏதும் இல்லாத ஓர் இளம்பெண்ணுக்கோ சிறுவனுக்கோ சில நாட்களில் அல்லது வாரங்களில் புத்தி தடுமாறி, அதோடு வலிப்போ, வாய் மெல்லுவது போன்ற ஓயாத அசைவோ, பேச்சு நாளுக்கு நாள் சுருங்கி ஊமையாவதோ, வைத்த நிலையில் சிலை போல உறைவதோ, நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் காரணமின்றி ஏறி இறங்குவதோ, மனநல மருந்தின் சிறு அளவுக்கே உடல் விறைத்துக் காய்ச்சல் காண்பதோ சேர்ந்தால், தண்டுவட நீரைப் பரிசோதிக்காமல் அதை மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது. எம்.ஆர்.ஐ. படம் சரியாக இருக்கிறது என்பதும் போதாது, ஏனென்றால் இந்த நோயில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் படம் இயல்பாகவே இருக்கும். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.தான் பெரும்பாலோரிடம் கோளாறைக் காட்டிக்கொடுக்கும். ரத்தத்தில் மட்டும் எதிர்ப்பொருளைத் தேடினால் ஏழு பேரில் ஒருவருக்கு இல்லை என்று தவறாக வரக்கூடும். தண்டுவட நீரில் தேடுவதே நம்பகமானது.

அந்த ரிப்போர்ட் வெளியூர் ஆய்வகத்திலிருந்து வரப் பல நாட்கள் ஆகலாம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. நம் நாட்டில் முதலில் விலக்க வேண்டியவை ஹெர்பிஸ் வைரஸ், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், காசநோய் மூளைச்சவ்வு அழற்சி, உண்ணிக்காய்ச்சல் ஆகியவை. ஹெர்பிஸுக்கான மருந்தைச் சோதனை முடிவு வரும் வரை கொடுத்துக்கொண்டே, கிருமித்தொற்றுக்கான அடையாளம் இல்லையென்று தெரிந்தவுடன் நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். மெத்தில்பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டை நாளுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் நரம்பு வழியாகச் செலுத்துவார்கள். அதோடு பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்களின் தொகுப்பான இம்யூனோகுளோபுலின், அல்லது ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்து எதிர்ப்பொருளைக் களையும் பிளாஸ்மா மாற்று. இம்யூனோகுளோபுலின் உடல் எடைக்குக் கிலோவுக்கு 2 கிராம் என்ற கணக்கில் ஐந்து நாட்களில் தரப்படுகிறது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 100 கிராம், அதாவது 5 கிராம் குப்பிகளில் இருபது. செலவு லட்சக்கணக்கில் போவது இதனால்தான். மருத்துவமனையில் உள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் முதல் நாளே கேட்டு, எது கிடைக்கும் என்று அறிந்துகொண்டு, அதற்கேற்ப மருத்துவரோடு பேசுவது நல்லது. இவற்றால் இரண்டு வாரங்களில் முன்னேற்றம் காணாத நோயாளிக்கு ரிட்டுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய அடுத்த கட்ட மருந்துகள் உண்டு.

2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் இந்த நோய் கண்ட 577 பேரைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். அவர்களில் 81 விழுக்காட்டினர் பெண்கள். முதற்கட்டச் சிகிச்சையிலோ கட்டியை அகற்றியதிலோ நான்கு வாரங்களுக்குள் முன்னேறியவர்கள் ஏறத்தாழ பாதிப்பேர்தான். ஆயினும் இரண்டு ஆண்டு முடிவில் பத்தில் எட்டுப் பேர் தம் வேலைகளைத் தாமே பார்க்கும் நல்ல நிலைக்கு வந்துவிட்டார்கள். முன்னேற்றம் பதினெட்டு மாதம் வரைகூடத் தொடர்ந்தது. ஆகவே ஐந்தாம் மாதத்தில் உங்கள் மகள் இருக்கும் நிலையை முடிவான நிலை என்று எண்ணிவிடாதீர்கள். அடம், கோபம், கூச்சமின்மை, மிகுதியான தூக்கம் ஆகியவை மீட்சிப் பாதையில் வழக்கமாகக் காணப்படுபவை. மூளையின் முன்பகுதி கடைசியாகத்தான் சீராகும். அவளைக் கண்டித்துத் திருத்த முயல வேண்டாம். ஒரே நேரத்தில் உணவு, ஒரே நேரத்தில் உறக்கம், சிறிது நடை, சிறிது வாசிப்பு என்று நாளை ஒழுங்குபடுத்துங்கள். கல்லூரியில் ஓராண்டு இடைவெளி கேட்டுப் பெறுங்கள். மருத்துவமனையில் இருந்த வாரங்கள் அவளுக்கு நினைவில் இருக்கப்போவதில்லை. அவள் கேட்கும்போது, அஞ்சாமல், உள்ளதை உள்ளபடி நீங்களே சொல்லுங்கள். பிறர் வாயிலிருந்து அவள் அதைக் கேட்க நேரக் கூடாது.

சினைப்பையில் உண்டாகும் டெரடோமாவில் முடி, பல், சில சமயம் நரம்புத் திசுவும்கூட இருக்கும். அந்த நரம்புத் திசுவைக் கண்டு விழித்துக்கொள்ளும் நோயெதிர்ப்பு, பிறகு மூளைக்குத் திரும்புகிறது. மேற்சொன்ன ஆய்வில் 38 விழுக்காட்டினருக்குக் கட்டி இருந்தது. உங்கள் மகளுக்கு ஸ்கேனில் கட்டி இல்லை என்று வந்திருந்தாலும், சில ஆண்டுகளுக்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். நோய் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பியது நூற்றில் 12 பேருக்கு. அதனால் தூக்கமின்மையோ பேச்சில் மாற்றமோ மறுபடி தலைகாட்டினால் ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருந்துவிட வேண்டாம். திருமணத்துக்கு இந்த நோய் தடையன்று. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் வகையைச் சேர்ந்ததும் அன்று. எப்போது, யாரிடம் இதைச் சொல்வது என்பதை, அவள் தேறிய பின், அவளையே முடிவு செய்ய விடுங்கள்.

என் தம்பிக்குத் தண்டுவட அழற்சி என்று சந்தேகிக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். 'முதுகில் தண்ணீர் எடுத்தால் கால் விழுந்துவிடும்' என்று பெரியப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகர், விருதுநகர்

உங்கள் பெரியப்பாவின் அச்சம் பரவலானது. அதற்குக் காரணமும் உண்டு. கால் விழுந்தவர்களுக்குத்தான் இந்தச் சோதனை அதிகம் செய்யப்படுகிறது. நோயால் விழுந்த காலுக்கு ஊசி பழி ஏற்கிறது. அவரிடம் இப்படி விளக்கிப் பாருங்கள்: பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே, முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அளவில் முடிந்துவிடுகிறது. ஊசி போடப்படுவது அதற்கும் கீழே, மூன்றாம் நான்காம் எலும்புகளுக்கு இடையிலோ அதற்கு அடுத்த இடைவெளியிலோ. அங்கே நீரில் மிதக்கும் நரம்பிழைகள் மட்டுமே உள்ளன. அவை ஊசிக்கு விலகிக்கொடுக்கும். மொத்தம் சுமார் 150 மில்லி லிட்டர் நீர் இருக்கிறது. ஒரு நாளில் உடல் அதைப் போல மூன்று மடங்கைப் புதிதாகச் சுரக்கிறது. எடுப்பதோ சில மில்லி லிட்டர். சிலருக்கு அடுத்த சில நாட்கள் எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும், படுத்தால் அடங்கும். மூளையில் பெரிய கட்டியோ வீக்கமோ இருந்தாலும், ரத்தம் உறைவதில் குறை இருந்தாலும் இச்சோதனை ஆபத்தானது. அதனால்தான் முன்கூட்டியே ஸ்கேனும் ரத்தச் சோதனையும் செய்கிறார்கள். காசநோயா, வைரஸா, தன்னெதிர்ப்பா என்று பிரித்துச் சொல்ல இந்த நீருக்கு ஈடானது வேறில்லை. காசநோய்க்கு அதற்குரிய மருந்தில்லாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்துவிட்டால் என்னவாகும் என்பதையும் பெரியப்பா எண்ணிப் பார்க்கட்டும்.

என் தந்தைக்கு 64 வயது. இரண்டு மாதமாக இடது கையும் முகத்தின் இடது பக்கமும் ஒரு நொடி சட்டென்று வெட்டி இழுக்கின்றன. ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை. கையிலிருக்கும் டம்ளர் விழுந்துவிடுகிறது. ரத்தத்தில் சோடியம் குறைவு என்று உப்பு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. காலையில் வந்த விருந்தாளியை மாலையில் நினைவில்லை. வயதானால் இப்படித்தான் என்கிறார்கள்.
- ஒரு மகள், தஞ்சாவூர்

வயதானால் இப்படி ஆவதில்லை, அம்மா. இரண்டு மாதத்தில் வரும் மறதி முதுமையின் மறதியன்று. நீங்கள் எழுதியிருக்கும் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், எல்.ஜி.ஐ.1 என்னும் புரதத்துக்கு எதிரான தன்னெதிர்ப்பு மூளை அழற்சியே முதலில் நினைவுக்கு வருகிறது. பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு, பெண்களைவிட ஆண்களுக்குச் சற்று அதிகமாக வருவது இது. முகமும் கையும் ஒரே பக்கத்தில் ஒருசேர ஒரு கணம் இழுப்பது ஒரு வகை வலிப்பு, மிகச் சிறியதாகவும் அடிக்கடி வருவதாகவும் இருப்பதால் அதை வலிப்பென்று பலரும் எண்ணுவதில்லை, இ.இ.ஜி.யில்கூடப் பல சமயம் பதிவாவதில்லை. சோடியம் குறைவதும் இந்த நோயின் ஒரு பகுதியே.

இழுக்கும்போது கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் இரண்டு மூன்று இழுப்பாவது பதிவாகிவிடும். மருத்துவரிடம் வாயால் சொல்வதைவிட அந்தப் படம் அதிகம் சொல்லும். வலிப்பு மாத்திரைகள் மட்டும் இதற்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. ஸ்டீராய்டு தொடங்கினால் சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ இழுப்பு மளமளவென்று குறைவதை நாங்கள் பார்க்கிறோம். இழுப்பு தொடங்கி மறதி வருவதற்குள் சிகிச்சை தருவதே எல்லாரும் விரும்புவது. உங்கள் தந்தைக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது. ஆனாலும் இன்னும் காலம் இருக்கிறது. இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்த எதிர்ப்பொருளைத் தண்டுவட நீரைவிட ரத்தத்தில் கண்டுபிடிப்பது எளிது என்பதால், ரத்தச் சோதனையையும் கேளுங்கள்.

என் மனைவிக்கு வயது 33. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்ணில் பார்வை மங்கியது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று சொல்லி இன்டர்ஃபெரான் ஊசி போட்டுவந்தார்கள். சென்ற ஆண்டு பத்து நாள் விடாத விக்கலும் வாந்தியும், எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு கால்களும் செயலிழந்தன. இப்போது 'என்.எம்.ஓ.' என்று பெயரை மாற்றி, ரிட்டுக்சிமாப் கொடுக்கிறார்கள். முதலில் பார்த்தவர் தவறு செய்துவிட்டாரா? எட்டு மாதமாக நன்றாக இருப்பவளுக்கு ஏன் இந்த மருந்து? எங்களுக்கு இன்னொரு குழந்தை வேண்டும் என்ற விருப்பமும் உள்ளது.
- ஒரு வாசகர், திருநெல்வேலி

கண் நரம்பையும் தண்டுவடத்தையும் சேர்த்துத் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா, சுருக்கமாக என்.எம்.ஓ., என்னும் இந்த நோயை 1894-ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரத்து மருத்துவர் யூஜின் டெவிக் எடுத்துரைத்தார். அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு கிளை என்றே பலரும் கருதிவந்தார்கள். 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனனும் அவருடைய குழுவினரும் இந்நோயாளிகளின் ரத்தத்தில் மட்டும் காணப்படும் ஓர் எதிர்ப்பொருளைக் கண்டார்கள். அது தாக்குவது அக்வாபோரின்-4 என்பதை அடுத்த ஆண்டு காட்டினார்கள். அக்வாபோரின் என்பது உயிரணுவின் சவ்வில் நீர் புகுந்து வெளிவரும் வாய்க்கால். அவ்வகை வாய்க்கால்களைக் கண்டறிந்ததற்காகவே பீட்டர் ஆக்ரே 2003-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆக, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் நரம்பின் உறை தாக்கப்படுகிறது. உங்கள் மனைவியின் நோயில், நரம்பணுக்களைப் பேணும் துணை அணுக்களிலுள்ள நீர்வாய்க்கால் தாக்கப்படுகிறது. இரண்டும் வேறு வேறு நோய்கள்.

முதல் மருத்துவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு கண் பாதிக்கப்பட்டு வரும் நாளில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். விக்கலில்தான் வாய்ப்பு நழுவியிருக்கிறது. மூளையின் அடித்தண்டில் வாந்தியைக் கட்டுப்படுத்தும் சிறு பகுதி ஒன்று இருக்கிறது. அக்வாபோரின்-4 அங்கே நிறைந்திருப்பதால் இந்த நோய் அதை விரும்பித் தாக்கும். வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லாமல் நாட்கணக்கில் விக்கலும் வாந்தியும் நிற்காதவர்களை, அதிலும் முன்பு கண் மங்கியவர்களை, வயிற்று மருத்துவரே நரம்பியல் பக்கம் அனுப்பிவைக்க வேண்டும் என்பதை இவ்வளவு ஆண்டு அனுபவத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். எம்.ஆர்.ஐ.யில் தண்டுவட அழற்சி மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கோ அதற்கு மேலோ நீண்டிருந்தால் அதுவும் இந்நோயையே சுட்டும்.

பெயர் மாறியதால் மருந்தும் மாறியே ஆக வேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு நன்மை தரும் இன்டர்ஃபெரான், நட்டாலிசுமாப், ஃபிங்கோலிமோட் ஆகியவை என்.எம்.ஓ.வைத் தணிப்பதில்லை, மேலும் மோசமாக்கியதாகவே பதிவுகள் உள்ளன. தாக்குதலின் முதல் சில நாட்களில் கொடுக்கும் ஸ்டீராய்டும் பிளாஸ்மா மாற்றும் இரண்டு நோய்க்கும் பொது. அவற்றுக்காகப் பெயர் தெரியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் தொடரும் மருந்தை, எதிர்ப்பொருள் எது என்று தெரியாமல் தொடங்கக் கூடாது. அணுக்களின் மேல் வைத்துப் பார்க்கும் 'செல் பேஸ்டு' முறையில் இச்சோதனையைச் செய்வது நல்லது. ரத்தத்தைப் பிளாஸ்மா மாற்றுக்கும் இம்யூனோகுளோபுலினுக்கும் முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும். அக்வாபோரின் இல்லையென்று வந்தால் மாக் என்னும் மூன்றாவது நோய்க்கான எதிர்ப்பொருளையும் பார்ப்பார்கள்.

எட்டு மாதமாக நன்றாக இருப்பவருக்கு மருந்து எதற்கு என்பது நியாயமான கேள்வி. என்.எம்.ஓ. மெதுவாக அரித்துச் செல்லும் நோயன்று. தாக்குதலுக்குத் தாக்குதல் ஒரு படி கீழே தள்ளும். இழந்த பார்வையும் நடையும் முழுதாகத் திரும்புவது அரிது. எனவே அடுத்த தாக்குதல் வராமல் தடுப்பதே இதில் சிகிச்சை. ரிட்டுக்சிமாபின் நிகர்மருந்து 2007 முதல் இந்தியாவிலேயே தயாராவதால் நம் மக்களுக்கு எட்டும் விலைக்கு வந்திருக்கிறது. 2019 முதல் வெளிநாடுகளில் அனுமதி பெற்ற எக்குலிசுமாப், சாட்ராலிசுமாப் போன்றவை மிக நல்ல மருந்துகளாயினும் விலையால் நமக்கு இன்னும் தொலைவிலேயே நிற்கின்றன. ரிட்டுக்சிமாபைப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கிறார்கள். தொடங்குமுன் மஞ்சள்காமாலை பி வைரஸுக்கும் காசநோய்க்கும் சோதனை செய்திருப்பார்கள், செய்யவில்லையென்றால் கேளுங்கள். நாள்பட்ட ஸ்டீராய்டு மாத்திரையும் உடன் இருந்தால், முகம் ஊதுகிறது என்பதற்காக நீங்களாக ஒருநாளும் நிறுத்தாதீர்கள். நோய் பாய்வது மட்டுமல்லாமல், உடல் தானே ஸ்டீராய்டு சுரப்பதை மறந்திருக்கும் நிலையில் உயிருக்கே ஆபத்து நேரும்.

குழந்தை பெறலாம். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, நோய் ஓராண்டாவது அடங்கியிருக்கும் காலத்தைத் தேர்ந்துகொண்டு பெற வேண்டும். நோயெதிர்ப்பை அடக்கும் மைகோபினோலேட் மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன் அதை விட்டு மாறியாக வேண்டும். அது கருவைச் சிதைக்கும். அதே வேலையைச் செய்யும் அசதயோபிரினைத் தொடரலாம். ரிட்டுக்சிமாபை எந்த மாதத்தில் கொடுப்பது என்பதை மருத்துவர் கணக்கிட்டுச் சொல்வார். பிரசவத்துக்குப் பின் வரும் முதல் சில மாதங்களில்தான் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி. பிள்ளை பிறந்த மகிழ்ச்சியில் தாயின் மருந்து நாள் தவறிப்போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தத் தேதியை நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1970-களில் என் தாய்மாமனை நாய் கடித்தது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட வேண்டும் என்றார்கள். பன்னிரண்டாம் ஊசி போட்ட பின் இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. சாகும் வரை கோல் ஊன்றியே நடந்தார். இப்போது என் பேரனைத் தெருநாய் கடித்துவிட்டது. ஊசி போட வீட்டில் எல்லாரும் தயங்குகிறோம்.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், உடுமலைப்பேட்டை

இந்தக் கடிதம் மின்னஞ்சலில் வந்த அன்றே ஆசிரியர் குழுவினர் என்னைத் தொடர்புகொள்ள, ஐயாவோடு தொலைபேசியில் பேசிவிட்டேன். இதே அச்சம் வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் பதிலை இங்கும் எழுதுகிறேன்.

உங்கள் மாமாவுக்கு நேர்ந்ததும் இவ்விதழில் நாம் பேசிவரும் நோய்களின் இனத்தைச் சேர்ந்ததே. அந்நாளைய வெறிநாய்க்கடித் தடுப்பூசி, டேவிட் செம்பிள் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் 1911-ஆம் ஆண்டில் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் உருவாக்கிய முறைப்படி தயாரானது. ஆட்டின் மூளையில் வெறிநோய்க் கிருமியை வளர்த்து, ஃபீனால் கொண்டு அதைக் கொன்று, அந்த மூளைத் திசுவையே கரைத்து ஊசியாகப் போட்டார்கள். பதினான்கு நாள் தொடர்ந்து வேற்று மூளைத் திசு உடலுக்குள் போகும்போது, அரிதாகச் சிலரின் நோயெதிர்ப்பு அதிலுள்ள நரம்புறைப் புரதத்தைப் பகையென்று குறித்துக்கொண்டு, பிறகு அதே புரதம் கொண்ட தம் தண்டுவடத்தையும் தாக்கியது. இதை ஐயம் திரிபறக் காட்டியவர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் ரிவர்ஸ். கிருமி ஏதும் கலவாத முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தியபோது அவற்றுக்கும் கைகால் விழுந்தது. மூளையில் நரம்புறை கரைந்திருந்தது. அது 1933-ஆம் ஆண்டு. மூளையைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களைப் பற்றிய இன்றைய ஆய்வுகளில் பெரும்பகுதி அந்தக் குரங்குகளிலிருந்து கிளைத்தது. 1987-ஆம் ஆண்டில் தாய்லாந்து மருத்துவர்கள், செம்பிள் ஊசிக்குப் பின் முடங்கியவர்களின் உடலில் அந்த நரம்புறைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளையே கண்டார்கள். உங்கள் மாமாவின் கால்கள் விழுந்ததற்கு அவருடைய ஊழ்வினையோ, ஊசி போட்டவரின் கையோ காரணமன்று.

அந்த ஊசி இன்று இல்லை. இந்தியாவில் அதன் தயாரிப்பு 2004-ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது. இப்போதுள்ள தடுப்பூசி ஆய்வகத்து உயிரணு வளர்ப்பில் தயாராகிறது. அதில் மூளைத் திசு இல்லை. தொப்புளைச் சுற்றியும் போடுவதில்லை, தோளில் போடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் முதல் ஊசி போடும் நாளை 0 என்று கொண்டு, தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களிலும், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களிலும் போடப்படுகிறது. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். ரத்தம் கசியும் காயமானால் காயத்தைச் சுற்றியே போடும், வெறிநோய்க் கிருமிக்கு எதிரான இம்யூனோகுளோபுலினும் தேவை. அது இருக்கும் மருத்துவமனை எது என்று கேட்டுக்கொண்டு போங்கள். வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

சிறுவனுக்கு அன்று மாலையே காயத்தில் இம்யூனோகுளோபுலினும் தோளில் முதல் ஊசியும் போடப்பட்டன. இவ்விதழ் அச்சுக்குப் போகும் இன்று மூன்றாவதும் முடிந்துவிட்டதாக ஐயா தெரிவித்திருக்கிறார்.